சொன்னவர் யார்?

"ஹஜ்ரத், அரபும் தமிழும் ஓதிய உங்களுக்கு ஹாக்கிக் கணக்கு எதற்கு?" துடியலூரில் இந்த வினாவை என்னிடம் எழுப்பாதவர் குறைவு. மட்டையை ஒருநாளும் நான் கையில் பிடித்தவனல்லன். ஆட்டத்தை நேரில் கண்டதும் சில முறையே. எனினும் எந்த ஆண்டில், எந்த நாட்டுக்கு எதிராக, எத்தனை கோல் என்று கேட்டால், மதரஸாவில் மனனம் செய்த இலக்கண விதிகளைப் போல் அவை நாவில் வந்து நிற்கின்றன. வீண் வேலை என்பார் சொல்லட்டும். ஓர் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பலாகாது என்னும் பாடத்தை நான் மறுமுறை ஓதியது இந்த வேலையில்தான்.

1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா 29 கோல்களைப் போட்டது. தன் வலைக்குள் ஒன்றைக்கூட விடவில்லை. தியான்சந்த் மட்டும் 14. நான்கு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டே ஆட்டங்களில் 35 கோல்கள்: ஜப்பானுக்கு எதிராக 11, அமெரிக்காவுக்கு எதிராக 24. கேட்பவர் வியந்து போவார். ஆனால் அந்த ஆண்டு ஹாக்கிக்கு வந்த நாடுகளே மூன்றுதான். ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் தோற்ற அமெரிக்கா வெண்கலப் பதக்கத்துடன் நின்றது! எண் பொய் சொல்லவில்லை. தன்னைச் சுற்றி இருந்ததைச் சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் சாலையில் ஜூன் மாதம் நடந்து பாருங்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பதாகைகள் வரிசையாகத் தொங்கும். தேர்வு எழுதியவர் எத்தனை பேர், எழுத விடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே அனுப்பி வைக்கப்பட்டவர் எத்தனை பேர் என்பதற்குப் பதாகையில் இடம் இராது. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் என்னிடம் யோசனை கேட்டால், லாஸ் ஏஞ்சல்ஸ் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

அந்த 24க்கு 1 ஆட்டத்தில் விழுந்த ஒரே எதிர் கோலுக்கும் ஒரு கதை உண்டு. நம் கோல்காப்பாளர் ரிச்சர்டு ஆலன் அந்நேரம் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். கதை இத்தனை அழகாக இருப்பதே என்னைச் சற்று எச்சரிக்கையாக்குகிறது.

இந்த எச்சரிக்கை எங்களுக்கு ஊட்டி வளர்க்கப்பட்டது. ஹதீஸ் கலை பயின்றவர் ஒரு செய்தியைக் கேட்டதும் அதன் சுவையைப் பார்ப்பதில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவ்விருவரும் சந்தித்திருக்க வழியுண்டா என்று பார்ப்பர். அறிவிப்பாளர்களை எடைபோடுவதற்கென்றே தஹபீ இமாம் 'மீஸானுல் இஃதிதால்' என்னும் பெருநூலைத் தொகுத்தார். 'மீஸான்' என்றால் தராசு. நபிமொழியையும் விளையாட்டுச் செய்தியையும் நான் ஒரே தட்டில் வைப்பதாக எவரும் எண்ண வேண்டா. தராசைப் பிடிக்கும் கையைத்தான் கடன் வாங்குகிறேன்.

அந்தக் கை எனக்கு முன்பே எங்கள் குடும்பத்தில் ஒருவரிடம் இருந்தது. என் பெரியத்தா கோவையில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தவர். பள்ளிப் படிப்பு இல்லை. சிறுவயதில் ஓதக் கற்ற அரபுத்தமிழ் எழுத்தே அவருடைய எழுத்து. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டில் ஹாக்கி முடிவுகளைக் குறித்து வந்தார். அரபுத்தமிழ் அறிந்தோருக்கு அந்தப் பக்கங்களைப் படிப்பதில் உள்ள வேடிக்கை புரியும். எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும். எண் மட்டும் இடமிருந்து வலமாக நிற்கும். ஒவ்வோர் எண்ணிடமும் கண் ஒருகணம் நின்று திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

ஒவ்வொரு முடிவுக்கும் கீழே அவர் ஒரு வரி எழுதியிருப்பார்: சொன்னவர் யார் என்று. 1956-க்குரிய வரி, டீக்கடையில் செய்தித்தாள் படிக்கக் கேட்டது என்கிறது. கோலாலம்பூரில் 1975-இல் இந்தியா 2க்கு 1 என்று பாகிஸ்தானை வென்று உலகக்கோப்பையைப் பெற்ற நாளுக்கு, வானொலியில் தாமே கேட்டதாகவும், இந்தி விளங்காத இடங்களைத் தக்கனி பேசும் அண்டை வீட்டார் எடுத்துச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். அசோக் குமார் அடித்த வெற்றி கோலைப் பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் ஏற்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பிறந்த காலத்துக்கு முந்திய ஆட்டங்களையும் கேட்டு எழுதியிருந்தார். 1936 பெர்லின் இறுதி ஆட்டம், ஜெர்மனிக்கு எதிராக 8க்கு 1, தியான்சந்த் 6 கோல். கீழே: 'போத்தனூரில் ரயில்வே வேலையிலிருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் சொன்னது.' அக்காலத்தில் நம் பக்கத்து ஹாக்கிச் செய்திக்குப் போத்தனூர் ஓர் ஊற்று. இந்திய அணியிலேயே ஆங்கிலோ இந்தியர் பலர் இருந்தனர்.

கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் இந்த நோட்டைக் கணினியில் ஏற்றுகிறான். நான் படிக்க, அவன் தட்டச்சு செய்வான். பெர்லின் பக்கம் வந்ததும் கைப்பேசியைத் தட்டிப் பார்த்து, "மாமு, இது தப்பு. தியான்சந்த் 3 தான்" என்றான்.

"யார் சொன்னது?" என்றேன்.

"இதில் போட்டிருக்கிறது."

"அதில் போட்டவர் யார்?"

அவன் விழித்தான். அவன் சொன்ன எண்ணே வலுவானது என்பதில் எனக்கு ஐயமில்லை. தியான்சந்த் 3, தாரா 2, ரூப்சிங், டாப்செல், ஜாபர் ஆளுக்கு 1 என்று எட்டுக் கோலுக்கும் ஆள் காட்டும் பட்டியல் இருக்கிறது. ஆறு என்போர் மீதி இரண்டை இந்த நால்வருக்கும் எப்படிப் பங்கிடுவார்கள்? ஆறு என்பதும் பல காலம் அச்சேறி வந்த எண்தான், பெரியத்தா இட்டுக்கட்டியதன்று. ஆனால் அவருடைய தவறான எண்ணுக்கு ஒரு சாட்சி இருந்தார். போத்தனூருக்குப் போய் விசாரித்திருக்கலாம். இவனுடைய சரியான எண்ணுக்குக் கைப்பேசியின் வெளிச்சம் தவிர வேறு ஆதாரத்தை அவன் தேடவில்லை. நாளைக்கு அதே வெளிச்சம் ஐந்து என்றால் ஐந்து என்பான்.

இது வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு அதே நோட்டில் சான்றுண்டு. ஹாக்கி முடிவுகளுக்கு இடையிடையே பெரியத்தா தம் வேலை நாட்களையும் எழுதியிருந்தார். இரவு ஷிப்டா பகல் ஷிப்டா, அன்று பக்கத்தில் நின்றவர் யார் என்பதும் இருக்கும். ஆலை மூடப்பட்டபோது பணிக்கொடை கணக்கிட்டார்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம். ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டு. பதிலியாக நின்ற தொடக்க காலத்தில் இரண்டு ஆண்டுகள் ஆலையின் பதிவேட்டில் 240-ஐத் தொடவில்லை என்று கழித்துவிட்டார்கள்.

பெரியத்தா நோட்டை எடுத்துக்கொண்டு போனார். அரபு எழுத்தைக் கண்டு அங்கிருந்தவர் சிரித்தாராம். ஆனால் அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியதும், உயிரோடிருந்த இருவரை அழைத்துக் கேட்க வேண்டியதாயிற்று. ஒருவர் கவுண்டம்பாளையத்துக்காரர், மற்றவர் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். கழித்த இரண்டு ஆண்டுகளும் திரும்ப வந்தன. அந்தப் பணம் என் ஒன்றுவிட்ட அக்காவின் நிக்காஹ்வுக்கு ஆயிற்று. பதிவேட்டில் எண் இருந்தது, சாட்சி இல்லை. நோட்டில் இரண்டும் இருந்தன.

இதைச் சொன்ன பிறகுதான் தங்கை மகன் தன் அட்டவணையில் 'சொன்னவர்' என்று ஒரு பத்தியைச் சேர்த்தான். அதற்கு முன், இடத்தை அடைக்கிறது என்று விட்டுவிட்டிருந்தான்.

அவனுக்கு இப்போது வேறொரு குறை. பெரியத்தாவின் நோட்டில் கோலடித்தவர் உண்டு, தடுத்தவர் இல்லை. இன்றைய ஆட்டங்களில் தடுத்த பந்துகளும் கணக்கில் வருகின்றன. 2024 பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில் அமித் ரோஹிதாஸ் வெளியேற்றப்பட்ட பின், பத்துப் பேராக நின்று ஆடிய அணியை ஸ்ரீஜேஷ் எப்படிக் காத்தார் என்பதை எவரும் எடுத்துப் பார்க்கலாம். சங்கர் லட்சுமணுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களிலும் இந்திய வலையின் முன் நின்றவர் அவர். எதிரே மூன்று முறையும் பாகிஸ்தான். மெல்போர்னில் 1க்கு 0, டோக்கியோவில் 1க்கு 0 என்று நாம் வென்றோம். நடுவில் ரோமில் நசீர் புந்தா அடித்த ஒரு கோலால் தோற்றோம். மூன்று இறுதி ஆட்டங்களில் அவரைக் கடந்த பந்து அந்த ஒன்றுதான்! கோல் எண்ணும் நோட்டில் அவர் பெயர் எங்கே வரும்? 1966-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர் என்ற வகையில் ஒருமுறை வருகிறது. 2006-இல் மத்தியப் பிரதேசத்து மோவ் நகரில், கால் அழுகும் நோயோடு, வறுமையில் இறந்தார்.

தடுத்த பந்துகளுக்கு அட்டவணையில் ஒரு பத்தி போட்டு, அதை வெறுமையாக விட்டுவைக்கலாமா என்று தங்கை மகன் கேட்டான். விடு என்றேன். ஞாயிறுதோறும் வருகிறான். இப்போது 1964-ஆம் ஆண்டுப் பக்கத்தில் இருக்கிறோம்.