கூட்டுப் படைப்பும் காலக்கெடுவும்

கூடிச் சமைத்த உணவைப் பங்கிட்டு உண்பது எளிது; கூடிப் படைத்த கலையைப் பங்கிட்டுக் கொள்வது அத்துணை எளிதன்று. பலர் உள்ளத்தில் ஊறிய படைப்பொன்று சிலர் பெயரில் மட்டும் உலகை வலம்வருமாயின், விடுபட்டவர் தம் உரிமையை எத்தனை காலத்துக்குள் கேட்டல் வேண்டும்? இவ்வினாவுக்கு இங்கிலாந்தும் அமெரிக்காவும் வெவ்வேறு விடை கூறியுள்ளன.

1967ஆம் ஆண்டில் 'புரோக்கல் ஹாரம்' என்னும் ஆங்கில இசைக்குழு, 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்ற பாடலை வெளியிட்டது. ஆசிரியர்களாகப் பதிவானவர்கள் கேரி புரூக்கரும் கீத் ரீடும். ஆனால், கேட்டோர் நெஞ்சில் நிலைத்துவிட்ட ஆர்கன் இசையை அமைத்தவர், அவ்வாண்டில்தான் குழுவிற் சேர்ந்த மேத்யூ ஃபிஷர் என்னும் இளைஞர். அவர் உரிமை கேட்டதோ 2005இல்! முப்பத்தெட்டு ஆண்டு மௌனம்!

2006இல் உயர் நீதிமன்றம், இசையின் உரிமையில் நூற்றுக்கு 40 பங்கு அவருடையது என்றது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் இணையாசிரியரே என ஒப்பியபோதும், தாமதத்தைக் காட்டி வருவாயை மறுத்தது. 2009இல் பிரபுக்கள் சபை அதனை மீட்டளித்தது. இத்தகைய உரிமைக்குச் சட்டம் காலவரம்பு விதிக்கவில்லை; தாமதத்தால் எதிர்த்தரப்பினர் இழந்ததுமில்லை, அவர்கள் பயனே பெற்றனர் என்று அச்சபை கருதிற்று. எனினும், கேட்பதற்கு முன் விளைந்த வருவாய் ஃபிஷருக்குக் கிட்டவில்லை.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு. 1956இல் புகழ்பெற்ற 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்ற பாடலில் தங்களுக்கும் பங்குண்டு என, அதனைப் பாடிய குழுவினருள் இருவரான ஹெர்மன் சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சண்டும் 1987இல் வழக்குத் தொடுத்தனர். அவர்களும் ஆசிரியர்களே என்று 1992இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். ஆயினும், 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வெற்றியைப் பறித்தது. உரிமை இழப்பை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாள்முதல் மூன்றாண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பதே அந்நாட்டு விதி.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பர். ஆனால், குழுவில் இளையவன் எப்படி அழுவான்? கேட்டால் நட்பு முறியுமோ, இடம் போகுமோ என்னும் அச்சமே நாவைக் கட்டுகிறது. ஆண்டுகள் உருள்கின்றன, சான்று கூறவேண்டியோர் மறைகின்றனர், நினைவும் மங்குகிறது.

ஆதலின், இருவர் கூடி ஒரு பாடலோ பாடநூலோ படைக்கத் தொடங்கும் நாளிலேயே, யார் பங்கு எவ்வளவு என்று தாளில் எழுதி ஒப்பமிடுதல் நலம். அஃது ஐயத்தின் அடையாளமன்று. நட்புக்கு இடும் வேலி.