மலையில்லாத கரையில் மலைச்சைக்கிள்

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை ஏறி இறங்க ஒரு மேடுகூடக் கிடையாது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஏ4 பெருவீதி. மலைச்சைக்கிள் நுவரெலியா பக்கத்து ஆட்களுக்கு உரியது, நமக்கு எதற்கு என்ற எண்ணம் இங்கே ஊறிப்போனது அதனால்தான். அந்த எண்ணம் பிழை. அரிசோனாவிலும் யூட்டாவிலும் பாலைநில ஒற்றையடிப்பாதைகளைத் தேடிப் போய் ஓட்டுகிறார்கள். பாதைகளைத் தரம்பிரிக்கும் சர்வதேச மலைச்சைக்கிள் சங்கம் இடைநிலைப் பாதைக்கு நீலச் சதுரத்தை அடையாளமாக வைத்திருக்கிறது: அகலம் குறைந்தது 24 அங்குலம், சராசரி ஏற்றம் நூற்றுக்குப் பத்துக்கு மிகாமல். ஏற்றம் இதற்கு மேல் போகக்கூடாது என்றுதான் விதி இருக்கிறது, இவ்வளவாவது வேண்டும் என்று இல்லை. பாலைநிலத்தில் ஓட்டுபவரைச் சோதிப்பவை இளகிய மணலும் முள்ளும் வெயிலும். இந்த மூன்றும் பொத்துவில் முதல் பாணமை வரை தாராளமாகக் கிடக்கின்றன.

மணலைப் பலத்தால் வெல்ல முடியாது. முன்சக்கரம் புதையும்போது பயந்து ஹேண்டிலை இறுக்கினால் சக்கரம் குறுக்கே திரும்பி ஆளைத் தள்ளிவிடும். கையைத் தளரவிட்டு, உடம்பைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, இலேசான கியரில் விடாமல் மிதித்தால் வண்டி நேராகப் போகும். பிரேக் பிடிப்பதென்றால் மணலுக்குள் இறங்குமுன்பே பிடித்துவிட வேண்டும். டயரில் காற்றைக் குறைத்தால் மண்ணில் படும் பரப்பு கூடி, புதைவது குறையும். மிகவும் குறைத்துவிட்டால் கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். எவ்வளவு குறைப்பது என்பதை ஓட்டுபவரின் எடையும் அன்றைய மணலும்தான் சொல்லும். பிறகு முள். அமெரிக்கப் பாலைநிலத்துச் சைக்கிள்காரர்களை வாட்டும் முள் வேறெதுவுமல்ல, நம் நெருஞ்சிதான். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கும் அந்தக் காய்க்கு, விலை கூடிய டயர், குறைந்த டயர் என்ற பேதம் கிடையாது. இதற்கெல்லாம் இலட்சக்கணக்கில் வண்டி வேண்டாமா என்பார்கள். அகலமான டயர் உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் பின்னால் மீன்பெட்டி கட்டிய சாதாரணச் சைக்கிளை மணல் ஒழுங்கையில் ஓட்டிப் பழகியவருக்குக் கையைத் தளரவிடும் வித்தையை யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. பாதி வித்தை இக்கரையில் ஏற்கெனவே இருக்கிறது.

மணல்மேடு சிதைந்துவிடும் என்ற ஆட்சேபம்தான் வலுவானது. 2004 டிசம்பர் 26 அன்று கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளைக் கடல் அழித்ததைக் கண்டவர்களுக்குக் கரையைக் காக்கும் எதுவும் அற்பமல்ல. மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். அவற்றின் மேல் ஒரு சக்கரமும் ஏறக்கூடாது. யூட்டாவில் உயிருள்ள மண்தோல் ஒருமுறை மிதிபட்டால் மீளப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், பாதையை விட்டு இறங்காதே என்பதையே முதல் பாடமாகச் சொல்கிறார்கள். இங்கும் சைக்கிள் சுற்றுப்பாதை மணல்மேட்டுக்குப் பின்னால், வட்டைக்கும் பற்றைக்காட்டுக்கும் இடையே மாடும் மனிதரும் நடந்து பதிந்த தடங்களிலேயே அமைய வேண்டும். புதிதாக வெட்டக்கூடாது, அகலப்படுத்தவும் கூடாது. அகலமானால் அடுத்து அதில் மோட்டார் வண்டிகள் வரும். வெயிலுக்கும் யானைக்கும் நேரம் பார்த்துப் போவதே வழி. லாகுகலைப் பக்கத்து யானைகள் நடமாடும் அந்திப் பொழுதையும் விடியுமுன் இருட்டையும் விட்டுவிட வேண்டும். சுபஹுத் தொழுகை முடிந்து நன்றாக வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, கச்சான் காற்று வலுக்குமுன் மேற்குப் பக்கத்தை முடித்துவிட்டால், ஜூலை மாதத்திலும் திரும்பும் வழியில் அந்தக் காற்றே முதுகில் கைவைத்துக் கடற்கரைப் பக்கம் தள்ளிக் கொண்டுவரும்.