அக்கா கொண்டு வந்த வாசற்படி

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். திருவையாற்றில் எங்கள் வீட்டு வாசலில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தேன். வேன் ஒன்று வந்து நின்றது. ஓட்டுகிற சீட்டிலிருந்து அத்திம்பேர் இறங்கினார். பின்னாலேயே என் அக்கா, கையில் ஆவி பறக்கும் காபியோடு!

அத்திம்பேர் டில்லியில் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்துமா உண்டு. ஜனவரியில் டில்லியில் விடியற்காலைக் குளிர் 7 டிகிரிக்கு இறங்கிவிடும். நம் பக்கம் 20 டிகிரி இருந்தாலே கம்பளியைத் தேடுகிறோம்! குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். போதாததற்கு, குளிர்காலத்தில் புகை மேலே எழும்பாமல் தரையோடு தங்கிவிடும். "ரெண்டு மாசமாவது தெற்கே போய் இருங்கோ" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓய்வு பெற்றவர்கள் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஃப்ளோரிடா, அரிசோனா பக்கம் போய்விடுவார்கள். 'பனிப் பறவைகள்' என்று அவர்களுக்குப் பெயர். அதைக் கேள்விப்பட்டு அத்திம்பேரும் பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து, போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி அனுமதியும் பெற்றிருக்கிறார்.

ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம், திருச்சி என்று சுமார் 2,500 கிலோமீட்டர். பகலில் மட்டும்தான் ஓட்டுவார்களாம். இரண்டு மணிக்கு ஒரு தரம் இறங்கிக் கால் நீட்டி நடை. ராத்திரி, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க்கில் கேட்டுக்கொண்டு நிறுத்துவார்களாம். பத்து நாளில் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அடைமழை. அது ஓய்ந்த பிறகு வந்தது நல்லதாயிற்று.

எல்லாம் சரி. மாடி ரூமை ஒழித்து, புதுத் தலையணை உறை போட்டு வைத்திருந்தேனே! "நாங்க வண்டியிலேயே படுத்துக்கறோம்டி" என்றாள் அக்கா. எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. தங்கை வீடு இருக்கும்போது கொல்லையில் வண்டிக்குள் படுப்பதா? அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? இரண்டு நாள் நான் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வேனில் விளக்கெரிந்தது. ஓடினேன். அத்திம்பேருக்கு இழுப்பு. அக்கா பதறவே இல்லை. அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு, கெட்டிலில் வெந்நீர் போட்டாள். எந்த மருந்து, எத்தனை தரம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டு அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தது. அரை மணியில் அவருக்கு மூச்சு சீராயிற்று.

"பிள்ளை வீட்டிலே இருந்தாலும் சரி, பெண் வீட்டிலே இருந்தாலும் சரி, ராத்திரி அடுப்பை மூட்டினா யார் தூக்கம் கெடுமோன்னு பயந்துண்டே எழுந்திருப்பேன். இங்கே என் அடுப்பு, என் கெட்டில். அப்பா போனப்புறம் வீட்டையும் வித்தாச்சு. எனக்குப் பிறந்தகம்னு ஒரு வாசப்படி இல்லை. அதான் நானே ஒண்ணைக் கொண்டு வந்துட்டேன்" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு இருவரும் சேர்ந்தே சுற்றினோம். வடுவூர் ஏரியில், வடக்கேயிருந்து குளிருக்கு வந்த பறவைகளைப் பார்த்து, "நம்ம ஜாதி!" என்று அத்திம்பேர் சிரித்தார். கனு அன்று காலை காவேரிப் படித்துறையில் மஞ்சள் இலை பரப்பி, புனேயிலிருக்கும் அண்ணாவுக்காகக் கனுப்பிடி வைத்தோம். அக்கா இந்தப் படித்துறையில் வைத்து முப்பது வருஷமாயிற்றாம். அன்றே தஞ்சாவூர் போனோம். பதின்மூன்றே கிலோமீட்டர், வழியில் குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று பாலம் பாலமாக வரும். 1010-ல் ராஜராஜன் முடித்த பெரிய கோயிலில், நந்திக்குக் காய்கறி, பழ அலங்காரம் கண்கொள்ளாக் காட்சி!

தை பிறந்ததும் சம்பா அறுப்பு. மெஷின் அறுக்கும்போது வைக்கோல் தூசி பறக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அதனால் வயல் பக்கம் போனால் அத்திம்பேர் முகமூடி போட்டுக்கொள்வார். மார்கழி மூடுபனியில் வெயில் ஏறிய பிறகே நடை. மருந்து மட்டும் எப்போதும் பதினைந்து நாளுக்கு அதிகமாகவே கைவசம் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடுவார்கள். மாசியில் காவேரியில் மணல் திட்டு தெரிந்தபோது அக்கா கிளம்பினாள்.

அதற்கு முன்பே மாடி ரூமில் ஒரு மின்சாரக் கெட்டில், இரண்டு டம்ளர், காபிப் பொடி, சர்க்கரை வைத்துவிட்டேன். கொல்லைப் பக்கத்து மாடிப்படிக் கதவுக்கு ஒரு சாவி செய்து அக்கா கையில் கொடுத்தேன். "எத்தனை மணிக்கு வேணா விளக்கைப் போடு. யாரையும் கேக்க வேண்டாம்" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

பெரியவர்கள் நம் வீட்டுக்கு வந்தால் விருந்து சமைக்கிறோம், நல்ல படுக்கை போடுகிறோம். கேட்காமல் வெந்நீர் போட்டுக்கொள்ள ஒரு மூலை கொடுக்கிறோமா? யோசித்துப் பாருங்கள்.