பேனல் கூட்டுவதற்கு முன்

சோலார் போட்ட நண்பர்கள் பலர் கேட்பது இதுதான்: "கரண்ட் பத்தலை, இன்னும் ரெண்டு பேனல் போடவா?" அவசரப்படாதீங்க. முதலில் காலையும் மாலையும் மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

எங்கள் மாடியில் தண்ணீர் டேங்கின் நிழல் ஒரே ஒரு பேனலின் ஓரத்தில்தான் விழுந்தது. பேனல்கள் சீரிஸில் இருந்தால் ஒன்றில் மின்னோட்டம் குறைந்தாலும் வரிசை முழுக்க அடி வாங்கும். பைபாஸ் டயோடு ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். வரிசையைக் கொஞ்சம் தள்ளி வைத்ததும் சாயங்கால யூனிட் கண்ணெதிரே ஏறியது. புது பேனல் வாங்கவே இல்லை.

இன்னொன்று, பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் இறங்கும். சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் தளத்தோடு ஒட்ட வைக்காமல், அடியில் காற்றோட இடம் விடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தெற்கு பார்த்து, சென்னைக்குச் சுமார் 13 டிகிரி சாய்வு போதும்.

கழுவுவது விடிகாலையில். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் படியும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுவே நல்லது.