வீடு இல்லை, இசை இருக்கிறது

பாக்கும் மெண்டல்சனும் வாழ்ந்த லைப்ஜிக் நகரில் ஒரு பியானோ மாணவியின் ஒரு வெள்ளிக்கிழமை

பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். லைப்ஜிக் ரயில் நிலையத்தில் இறங்கும் அந்த இசைக் கல்லூரி மாணவியின் தோள்பையில் ஒரு குடை, ஒரு பொட்டலம் ரொட்டி, பென்சில் குறிகளால் கறுத்துப்போன ஒரு இசைப் பிரதி. யோஹான் செபாஸ்டியன் பாக்கின் முதல் பார்ட்டிட்டா. இரண்டு மாதமாக இதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் தேர்வு. "விரல் இருக்கிறது, ஆட்டம் இல்லை" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எழுதியவரின் ஊரை ஒருமுறை பார்த்துவிட்டால் ஏதாவது பிடிபடும் என்று தோன்றியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பயணம்.

நிலையமே ஒரு காட்சிதான். 1915இல் கட்டி முடிக்கப்பட்டது; முகப்பின் நீளம் மட்டும் கிட்டத்தட்ட 300 மீட்டர். வெளியே வந்தால் வழி கேட்கத் தேவையில்லை. 2012 முதல் நகரின் நடைபாதைகளில் வளைந்த எஃகுப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நடந்தால் 5 கிலோமீட்டர் தூரத்தில் 23 இடங்கள். ஒவ்வொன்றும் ஒரு இசைக் கலைஞரின் வீடு, கல்லறை, அரங்கு அல்லது பதிப்பகம். இத்தனை இசைக் கலைஞர்களின் தடம் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் நகரங்கள் ஐரோப்பாவிலேயே குறைவு.

முதலில் புனித நிக்கோலாஸ் தேவாலயம். உள்ளே வெள்ளைத் தூண்கள் பனை மரங்களாக மேலெழுந்து உச்சியில் ஓலை விரிக்கின்றன. 1724ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று பாக்கின் 'புனித யோவான் பாடுகள்' முதன்முறையாக ஒலித்தது இங்குதான். அதை அவர் புனித தாமஸ் தேவாலயத்தில் நடத்தவே ஏற்பாடு செய்திருந்தார். நகர மன்றம் மறுத்தது. இங்கே பாடகர்களுக்கு இடம் போதாது, ஹார்ப்சிகார்ட் பழுது என்று அவர் முறையிட்டார். பழுது பார்க்கப்பட்டது, இடம் மாறவில்லை. மேதைகளும் அலுவலகத்தோடு மல்லுக்கட்டத்தான் வேண்டியிருக்கிறது.

வெளியே சதுக்கத்தில் அதே பனைத் தூண் ஒன்று தனியாக நிற்கிறது. 1982 முதல் திங்கட்கிழமைதோறும் இந்தத் தேவாலயத்தில் அமைதிப் பிரார்த்தனை நடந்து வந்தது. 1989 அக்டோபர் 9 அன்று அது சுமார் 70,000 பேர் திரண்ட ஊர்வலமாக மாறியது. கிழக்கு ஜெர்மனியின் ராணுவமும் போலீசும் தயாராக நின்ற மாலை அது. வன்முறை வேண்டாம் என்று ஆறு பேர் விடுத்த கூட்டு வேண்டுகோள் ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. அதைப் படித்தவர் அரசியல்வாதி அல்ல. கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் நடத்துநர் குர்ட் மசூர். துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் விழுந்தது.

பத்து நிமிட நடையில் புனித தாமஸ் தேவாலயம். 1723 முதல் 1750இல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் பாக் வேலை பார்த்த இடம். நகர மன்றம் அவரை ஆசைப்பட்டு அழைக்கவில்லை. டெலிமன் வர மறுத்தார், கிராவ்ப்னருக்கு அவருடைய எஜமானர் விடுதலை தரவில்லை, பிறகுதான் பாக். பள்ளிப் பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, நகரின் முக்கியத் தேவாலயங்களுக்கு இசை ஏற்பாடு செய்வது என்று வேலை ஓயாது. முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய வாரம் ஒரு கண்டாட்டா எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஒலிக்க வேண்டியதை அந்த வாரத்திலேயே எழுதி, படியெடுத்து, ஒத்திகை பார்த்தாக வேண்டும்.

மாணவி தேடி வந்தது பாக் குடியிருந்த வீட்டை. தேவாலயத்தை ஒட்டியிருந்த பள்ளிக் கட்டடத்தில் அவருடைய குடும்பம் வசித்தது. 1902இல் அதை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம். வெள்ளிக்கிழமை மாலைகளில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பாக் கச்சேரி செய்த சிம்மர்மன் காபிக் கடையும் இல்லை. 1943 குண்டுவீச்சில் போனது. எஞ்சியிருப்பது வாசலில் நிற்கும் 1908ஆம் ஆண்டுச் சிலை. கோட்டின் ஒரு பை வெளியே இழுத்துவிடப்பட்டுக் காலியாகத் தெரிகிறது. 'சம்பளம் அவ்வளவுதான்' என்று வழிகாட்டிகள் சிரிக்க வைக்கிறார்கள்.

கல்லறைக்கும் ஒரு கதை உண்டு. 1750இல் பாக் புதைக்கப்பட்டது ஊருக்கு வெளியே புனித யோவான் இடுகாட்டில், அடையாளக் கல்கூட இல்லாமல். 1894இல் தோண்டி எடுத்த எலும்புகளை ஆராய்ந்து, இவை அவருடையவை என்று முடிவு செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தத் தேவாலயமும் நொறுங்க, அவை இங்கே கொண்டுவரப்பட்டன. 1950 முதல் பலிபீடத்துக்கு முன்னால் ஒரு வெண்கலப் பலகையின் கீழ் இருக்கின்றன. அவருடையவைதானா என்ற சந்தேகம் ஆய்வாளர்களில் சிலருக்கு இன்னும் தீரவில்லை. பலகை மேல் யாரோ தினமும் பூ வைக்கிறார்கள்.

எதிரே உள்ள பாக் அருங்காட்சியகத்தின் பெரிய சொத்து ஒரு ஓவியம். 1748இல் ஹவுஸ்மன் வரைந்தது: பருத்த முகம், பொடி பூசிய பொய்முடி, கையில் ஒரு சிறு இசைத்தாள். நாஜிகளின் காலத்தில் அதன் யூத உரிமையாளர் இங்கிலாந்துக்குத் தப்பியபோது படத்தையும் எடுத்துப் போனார். போர்க்காலத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பண்ணை வீட்டில் கொடுத்து வைத்தார். அந்த வீட்டுப் பையன் அதைப் பார்த்தே வளர்ந்தான். பிற்காலத்தில் பாக் இசையின் பெயர் பெற்ற நடத்துநரான ஜான் எலியட் கார்டினர் அவர்தான். பின்பு அமெரிக்கா போன ஓவியம், 2015இல் லைப்ஜிக்குக்குத் திரும்பியது.

பாக்கின் பெரும் படைப்புகளை உலகம் பெரும்பாலும் மறந்திருந்த காலம் ஒன்று உண்டு. 1829இல் பெர்லினில் 'புனித மத்தேயு பாடுகளை' மீண்டும் மேடையேற்றியவர் 20 வயது ஃபெலிக்ஸ் மெண்டல்சன். 1835இல் அவரே கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் தலைவராக லைப்ஜிக் வந்தார். கச்சேரிகள் நடத்திப் பணம் திரட்டி, தேவாலயத்துக்கு அருகே பாக்குக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். 1843 ஏப்ரலில் நடந்த திறப்பு விழாவுக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் பாக்கின் பேரன்; வயது 83. அதே மாதம் மெண்டல்சன் தொடங்கிய இசைக் கல்லூரி இன்றும் நடக்கிறது. நார்வேயின் கிரீக் 15 வயதில் அங்கே படிக்க வந்து சேர்ந்தார்.

மெண்டல்சனுக்கு நகரம் 1892இல் சிலை வைத்தது. 1936 நவம்பரில் ஒரு நள்ளிரவில் அதை அகற்றியது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதே காரணம். வெளியூர் போயிருந்த மேயர் கார்ல் கோர்டெலர் திரும்பி வந்து சிலையை மீண்டும் நிறுவச் சொன்னார். நடக்கவில்லை, பதவியை விட்டு விலகினார். பிறகு ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கெடுத்து, 1945இல் தூக்கிலிடப்பட்டார். பழைய சிலை கிடைக்கவே இல்லை. அதைப் போலவே செய்த புதிய சிலை 2008 முதல் புனித தாமஸ் தேவாலயத்துக்கு அருகில், பாக்கின் பக்கத்தில் நிற்கிறது.

மெண்டல்சன் 38 வயதில் இறந்த வீடு மட்டும் தப்பியிருக்கிறது. 1997 முதல் அது அருங்காட்சியகம். கீழ்த்தளத்து அறை ஒன்றில் ஆளுயர ஒலிபெருக்கிகள் இசைக்குழுபோல நிற்கின்றன. கையில் கோலை எடுத்து அசைத்தால் இசை அதற்கேற்ப விரைகிறது, தயங்குகிறது. பள்ளிக் குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். மாணவியின் முறை வந்ததும் கோல் ஒரே சீராக, கடிகாரம்போல ஆடுகிறது. அவருக்குப் பின்னால் வந்த சிறுவன் தோளையும் இடுப்பையும் சேர்த்து ஆட்டுகிறான்; இசை துள்ளுகிறது. மாணவி சற்று நேரம் ஒதுங்கி நின்று அவனையே பார்க்கிறார்.

தால் தெருவில் பீட்டர்ஸ் பதிப்பகத்தின் கட்டடம். 1867இல் மலிவு விலை இசைப் பிரதிகளைத் தொடங்கி, உலகெங்கும் பியானோ படிக்கிறவர்களின் வீட்டுக்குள் புகுந்த நிறுவனம் அது. மாணவியின் பையில் இருப்பதும் அந்த வெளிர்பச்சை அட்டைதான். அதன் உரிமையாளர் ஹென்ரி ஹின்ரிக்சன், 1926இல் கொலோனிலிருந்து ஒரு பெரும் இசைக்கருவித் தொகுப்பு விலைக்கு வந்தபோது, லைப்ஜிக் பல்கலைக்கழகம் அதை வாங்க 200,000 மார்க் கொடுத்தார். பத்தாண்டுக்கு மேல் கழித்து, யூதர் என்பதால் பதிப்பகம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1942இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

அவர் பணம் கொடுத்து வரவழைத்த கருவிகள் கிராசி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போரில் ஒரு பகுதி அழிந்தபின் மிஞ்சியவையே பிரமிக்க வைக்கின்றன. 1543ஆம் ஆண்டுக் கிளாவிகார்ட் ஒன்று. அதைத் தாண்டினால், பியானோவைக் கண்டுபிடித்த பார்டோலோமியோ கிறிஸ்டோஃபோரி ஃபுளோரன்சில் செய்த பியானோ. அவர் செய்தவற்றில் உலகில் மூன்றே பிழைத்திருக்கின்றன. இது 1726இல் செய்யப்பட்டது.

அந்த ஆண்டைப் படித்ததும் மாணவி நிற்கிறார். அவர் வாசிக்கும் பார்ட்டிட்டா அச்சானதும் அதே 1726இல்தான், இதே லைப்ஜிக்கில். கறுத்த பெரிய கச்சேரிப் பியானோவில் இரண்டு மாதமாக அவர் இடித்துக்கொண்டிருக்கும் இசை பிறந்தபோது, அந்த வாத்தியமே இப்படித்தான் இருந்திருக்கிறது: ஒல்லியாக, லேசாக, ஒரு வீட்டு அறைக்குள் அடங்குகிற அளவில். தொடக் கூடாது என்று பலகை சொல்கிறது. விரல்கள் காற்றில் அசைகின்றன.

மாலை 6 மணிக்கு மறுபடியும் புனித தாமஸ் தேவாலயம். பள்ளி விடுமுறை தவிர்த்த வெள்ளிக்கிழமைகளில் மாலை 6 மணிக்கும், சனிக்கிழமைகளில் பிற்பகல் 3 மணிக்கும் தாமஸ் பள்ளிச் சிறுவர் பாடகர் குழு இங்கே பாடுகிறது. 1212இல் தொடங்கிய குழு இது. பாக் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததும் இதற்குத்தான். நுழைவுச் சீட்டு கிடையாது. நிகழ்ச்சித்தாளைச் சிறு தொகை கொடுத்து வாங்கினால் போதும். ஆனால் சீக்கிரம் போக வேண்டும். ஜூன் மாத பாக் விழாவின்போது நகரில் தங்க அறை கிடைப்பதே சிரமம்.

பாடகர்கள் நிற்பது பின்புற மாடத்தில். கேட்பவர்கள் பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் பாடுகிறவர் முகம் தெரிவதில்லை. குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து கூரையில் மோதி முன்னால் இறங்குகிறது. மூத்தவர்களுக்கு 18 வயது, சிறியவர்களுக்கு ஒன்பது, பத்து. திங்கட்கிழமை கணக்குப் பாடம் இருக்கிறவர்கள். நடுவில் ஒரு சின்னக் குரல் கொஞ்சம் முந்துகிறது, உடனே மற்றவற்றோடு சேர்ந்துகொள்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது வழிபாடு, தேர்வு அல்ல.

இரவு ரயிலில் மாணவி பிரதியை எடுக்கிறார். இரண்டு மாதமாக அவசரத்தில் புரட்டிப் போன முதல் பக்கங்களில் பாக்கின் மூலத் தலைப்பு அச்சாகியிருக்கிறது. இசை ஆர்வலர்களின் மனம் மகிழ்வதற்காகச் செய்தவை இவை என்று அதில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 41. தேவாலய வேலைக்கு நடுவே சொந்தச் செலவில் அச்சிட்டது. ஒரு முகவுரை, பிறகு வரிசையாக நடனங்கள்: அல்மாந்து, கொரெந்தே, சராபாந்து, மினுவே, ஜீகா.

பக்கங்களின் ஓரமெல்லாம் மாணவியின் சொந்தக் கையெழுத்து: 'கவனம்', 'தப்பக் கூடாது', 'நிதானம்'. ரப்பரை எடுத்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்குகிறார். கடைசி நடனத்துக்கு வரும்போது விரல்கள் மடக்கு மேசையில் ஓட ஆரம்பித்துவிட்டன. எதிர் இருக்கைக்காரர் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார். மேசைக்குக் கீழே கால் தாளம் போடுகிறது.