ஹாலோ வாட்டரின் வட்டம்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், வினிபெக் ஏரியின் கிழக்கே ஹாலோ வாட்டர் என்றொரு பழங்குடி ஊர். ஒஜிப்வே மக்கள். 1980களில் ஊர்க்காரர்கள் சிலர் மனம்விட்டுப் பேசத் தொடங்கியபோது, பிள்ளைகள் மீதான பாலியல் வன்முறை தலைமுறைகளாகப் புதைந்து கிடந்தது வெளியே வந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? காவல்துறை, நீதிமன்றம், சிறை எல்லாம் வெளியார் கையில். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகளில் அரசும் திருச்சபையும் செய்ததை அனுபவித்தவர்கள் அந்த வாசலை நம்புவார்களா என்ன!

ஊராரே 13 படிகள் கொண்ட முறையொன்றை வகுத்தார்கள். முதல் வேலை, பிள்ளையின் பாதுகாப்பு. வழக்கும் உண்டு, ஆனால் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் துணைநிற்பவர்கள் ஊர்க்காரர்கள், அவர்களில் பலர் சிறுவயதில் தாங்களே பாதிக்கப்பட்டவர்கள். வட்டமாக அமர்ந்து பேசுவதும் வியர்வைக் குடில் சடங்கும் சிகிச்சையில் சேர்ந்தன.

குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் ஊரிலேயே திருத்துவதுதான் இதில் நெருடும் இடம். சின்ன ஊர், அந்தப் பிள்ளையின் எதிரே அவர் நடந்து வருவாரே!