இடக்கண் காட்டிய இலக்கு

(இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவி)

"துப்பாக்கி சுடுவதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று என்னைக் கேட்காதவர் நம் வகுப்பில் எவரும் இல்லை. ஓட்டப் பந்தயத்தில் கால் ஓடுகிறது. கபடியில் மூச்சு ஓடுகிறது. இதிலோ ஒருத்தி தரையில் குப்புறப் படுத்துக் கிடக்கிறாள், அவ்வளவுதானே என்பது தோழியர் வாதம். பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். படுத்துக் கிடப்பவளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுத முற்பட்டேன்.

இது நேற்று முளைத்த விளையாட்டன்று. 1860ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விம்பிள்டன் திடலில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டி நடந்தபோது, விக்டோரியா மகாராணியே 400 கஜத் தொலைவிலிருந்து முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கி வைத்தார். துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்திக் குறியும் சரிபார்த்து வைத்திருந்தார்கள். குண்டு இலக்கின் மையத்தருகே போய்ப் பதிந்தது. 1890இல் அப்போட்டி பிஸ்லி என்ற ஊருக்கு மாறியது. இன்றும் அங்கே 1000 கஜத் தொலைவிலிருந்தும் சுடுகிறார்கள். நம் நாட்டில் 1951இல் இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் தோன்றியது. மக்களவையின் முதல் தலைவரான மவ்லங்கர் அதன் முதல் தலைவராகவும் இருந்தார். அவர் பெயரால்தான் இன்றும் அகில இந்திய மவ்லங்கர் போட்டி நடைபெறுகிறது. 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவை எல்லாரும் அறிவோம். 2012இல் லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது நம் சென்னையில் என்பதும், உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சொந்தத் துப்பாக்கி வாங்கிச் சுடும் வசதி நம்மைப் போன்றவர்களுக்கு ஏது? என் தந்தை மயிலாப்பூர்க் கச்சேரி சாலையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். மகளிர்க்குக் கட்டணமில்லாப் பேருந்தில் கல்லூரிக்கு வந்து போகிறவள் நான். ஆனால் தேசிய மாணவர் படை என்று ஒன்று இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, மறு ஆண்டே மாணவியர் பிரிவையும் தொடங்கிய அந்தப் படை, .22 துப்பாக்கியையும் தோட்டாவையும் கற்றுத்தர ஆளையும் கொடுத்து, "சுட்டுப் பார்" என்கிறது. என்னைப் போன்றவளுக்குத் திறந்திருந்த வாசல் அது ஒன்றே.

முதலாண்டில் நகருக்கு வெளியே உள்ள சுடுதளத்துக்கு எங்களை வண்டியில் அழைத்துச் சென்றார்கள். கொடிமரத்தில் சிவப்புக் கொடி பறந்தது. சுடுதல் நடக்கிறது, குறுக்கே வராதே என்பது அதன் பொருள். எதிரே உயர்ந்த மண்மேடு. அதன் அடியில் இலக்குத் தாள்கள். கொடுத்த தோட்டாக்களுக்குக் கணக்கு உண்டு. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியில் குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் வாய் ஆள்மீது திரும்பக் கூடாது. சுடுவதற்கு முன் நாங்கள் கற்ற பாடம் அடக்கந்தான்.

துப்பாக்கி மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தரைவிரிப்பில் படுத்து அதை வலத்தோளில் பதித்தேன். இடக்கண்ணை மூடு என்றார்கள். மூடினால் வலக்கண்ணும் சேர்ந்தே மூடிக்கொண்டது! அருகிலிருந்த தோழி கைக்குட்டையால் என் இடக்கண்ணைக் கட்டிவிட்டாள். ஐந்து குண்டுகள் சுட்டேன். மற்றவர்கள் தாளில் துளைகள் ஒரு கைப்பிடிக்குள் கூடியிருந்தன. என் தாளில் அவை நாலாபக்கமும் சிதறிக் கிடந்தன.

எங்களுக்குக் கற்றுத் தந்த ஹவில்தார் வேலூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். என் தாளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு கையையும் நீட்டு. விரலைச் சேர்த்து நடுவுல சின்ன ஓட்டை பண்ணு. ரெண்டு கண்ணும் திறந்தபடி அதுக்குள்ள அந்தக் கொடியைப் பாரு. பாத்தியா? இப்ப இடது கண்ணை மட்டும் மூடு."

"கொடி காணாமப் போச்சு சார்."

"வலது கண்ணை மூடு."

"கொடி இருக்கு சார்."

"உனக்குக் குறி பாக்குறது இடது கண்ணும்மா. அதைக் கட்டிப்போட்டுட்டுச் சுடச் சொன்னா எப்படிச் சுடுவே? இடத்தோளுக்கு மாத்து."

நம் இரு கண்களில் ஒன்று தலைமைக் கண்ணாக இருந்து குறி பார்க்கிறது. பெரும்பாலோருக்கு அது வலக்கண். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடக்கண். பழகும் கையும் பார்க்கும் கண்ணும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் என் வரையில் அந்தச் சொல் வேறோர் இடத்தில் போய்த் தைத்தது. நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. மூன்று வயதில் இடக்கையால் சோற்றில் கை வைத்தபோதெல்லாம் எங்கள் ஆயா அந்தக் கையைத் தட்டிவிடுவார். தொடக்கப்பள்ளியில் ஓர் ஆசிரியை இடக்கை விரல்மூட்டில் அளவுகோலால் தட்டித் தட்டி, பென்சிலை வலக்கைக்கு மாற்றினார். மாறிவிட்டேன். எனக்கே மறந்துபோகும் அளவுக்கு மாறிவிட்டேன். பதினெட்டு வயதில் ஒருவர், "இடப்பக்கம் மாத்து" என்று கட்டளை இடுகிறார்! துப்பாக்கியை இடத்தோளில் பதித்த நொடியில், நெடுநாள் வெளியூரில் இருந்துவிட்டுத் தன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவளின் நிம்மதி எனக்கு. அடுத்த ஐந்து குண்டுகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின.

அன்றிரவு வீட்டில் எல்லாருக்கும் இந்தக் கண் சோதனையை நடத்தினேன். அப்பாவுக்கு வலக்கண், அம்மாவுக்கு வலக்கண். கடைசியில் ஆயாவைக் கூப்பிட்டேன். "இன்னாடி இது கூத்து" என்றுதான் கையை நீட்டினார். சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்க்கச் சொன்னேன். ஆயாவுக்கும் இடக்கண்தான்! "ஆயா, நீயும் இடக்கைக்காரியா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தம் இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். அங்கே மங்கிப்போன ஒரு தீத்தழும்பு. "எங்கம்மா வெச்ச சூடு. பீச்சாங்கையால துன்னா போற எடத்துல அசிங்கம்னு வெச்சா. உன்னை நான் தட்டத்தான் தட்டினேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ அந்தக் கையாலயே சுடு, போ" என்றார். எனக்குக் கிடைத்த பதக்கங்களில் அதற்கு ஈடானது இனி வரப்போவதில்லை.

தோள் மாறியதோடு தொல்லை தீரவில்லை. எங்கள் துப்பாக்கியின் போல்ட் வலக்கைக்காரருக்காக வலப்பக்கம் வைக்கப்பட்டது. இடத்தோளில் சுடுகிறவள் ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியைத் தாங்கும் வலக்கையை எடுத்து அதைத் திறந்து மூட வேண்டும். கட்டிய நிலை ஒவ்வொரு முறையும் குலையும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டும். பத்துக் குண்டு என்றால் பத்து முறை வீடு கட்டி இடித்த கதை. இதில் ஒரு நன்மையும் இருந்தது. முந்தைய குண்டின் நினைப்பு அடுத்ததற்குள் நுழைய நேரமே இல்லை.

தோட்டா இல்லாத பயிற்சிதான் அதிகம். துப்பாக்கிக் குழலின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார்கள். அது விழாமல் விசையை அழுத்த வேண்டும். "வெடுக்குன்னு இழுக்காதே, மாட்டுமடியில பால் கறக்குற பக்குவம் வேணும்" என்பார் ஹவில்தார். மூச்சை விட்டு, அடுத்த மூச்சு வருமுன் உள்ள சிறு இடைவெளியில் சுட வேண்டும். எட்டுப் பத்து நொடிக்கு மேல் மூச்சை நிறுத்தினால் கண் மங்கத் தொடங்கும். அப்போது விசையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

ஏன் இத்தனை நுட்பம்? கணக்கைப் பாருங்கள். பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே அரை மீட்டர் என்று கொள்வோம். முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால் 50 மீட்டருக்கு அப்பால் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். சர்வதேச 50 மீட்டர் இலக்கிலோ பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், நம் சட்டைப் பொத்தான் அளவு. குண்டு நேர்கோட்டில் பறப்பதும் இல்லை. நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் .22 குண்டு, 50 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் கீழே விழுகிறது. அந்த வீழ்ச்சியை ஈடுகட்டவே குழல் சிறிது மேல்நோக்கி இருக்கும்படி குறிகளை அமைத்திருக்கிறார்கள். படைத் துப்பாக்கியால் 300 மீட்டருக்குச் சுட்டால் வீழ்ச்சி ஏறக்குறைய ஒரு மீட்டர். 1000 கஜம் என்றால் குண்டு போய்ச் சேரவே ஒன்றரை நொடிக்கு மேலாகும். அத்தனை நேரமும் காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். "தூரம் கூடக் கூட, நாம சுடுறது பாதி, காத்து சுடுறது பாதி" என்பார் எங்கள் ஹவில்தார்.

காற்றைப் பற்றி மயிலாப்பூர்க்காரிக்குப் பாடம் வேண்டியதில்லை. கோடையில் காலையெல்லாம் மேற்கிலிருந்து அனலடிக்கும். நண்பகல் தாண்டியதும் மாடிக் கொடியில் கிடக்கும் புடவை திடீரென்று மறுபக்கம் திரும்பிப் படபடக்கும். கடற்காற்று வந்துவிட்டது என்று அம்மா நிம்மதிப் பெருமூச்சு விடுவாள். வீட்டில் வரவேற்கும் அந்தக் காற்று சுடுதளத்தில் பகையாகிவிடுகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 50 மீட்டரில் .22 குண்டைச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஒதுக்கிவிடும். பத்துக்கு வைத்த குறி ஏழில் போய் விழும்.

ஹவில்தார் சொல்லித் தந்த இன்னொன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. குண்டு வெடித்ததும் தாளைப் பார்க்குமுன், அது எங்கே போயிருக்கும் என்று நாமே சொல்ல வேண்டும். விசை விடுபட்ட நொடியில் முன்குறி எங்கே நின்றது என்பதைக் கண் அறியும். "பத்து" என்று ஆசையைச் சொல்லாமல், "எட்டு, கீழே இடப்பக்கம்" என்று கண்டதைச் சொல்ல வேண்டும். சொன்னதும் தாளும் பொருந்தினால்தான் அவர் தலையசைப்பார். கண்ணை மூடிக்கொண்டு அடித்த பத்துக்கு அவரிடம் மதிப்பில்லை.

இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில், தில்லியில் நடக்கும் தல சைனிக் முகாமுக்கான தேர்வுப் படிகளில் ஒன்றுக்குப் போனேன். எங்கள் போட்டியில் நான்கு பேருக்குத்தான் இடம். ஆளுக்குப் பத்துக் குண்டு. குண்டுக்குப் பத்துப் புள்ளி. என் முறை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வந்தது. படுக்கும்போது காற்றில்லை. ஆறாவது குண்டு வரை எல்லாம் கைக்குள் இருந்தது. ஏழாவதற்குக் கட்டிப் படுத்தபோது மண்மேட்டின் அடியிலிருந்த புல் வலப்புறமிருந்து சாய்ந்தது. மாடிப் புடவை திரும்பிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் மற்றவர்கள் சுடும் ஓசை படபடவென்று கேட்டது. நேரம் ஓடியது, இதயத் துடிப்பில் முன்குறி எழுந்து எழுந்து தாழ்ந்தது. புல் தளர்ந்த வேளையில் சுட்டேன். அடுத்த மூன்றையும் அடங்காத காற்றுக்கு எதிராகக் குறியை வலப்பக்கம் சிறிது ஒதுக்கிச் சுட்டு முடித்தேன். ஒவ்வொன்றுக்கும், அது எங்கே போயிற்றென்று அருகிலிருந்த துண்டுத்தாளில் எழுதிக்கொண்டேன்.

முடிவு வந்தது. நான்காம் இடம் பெற்றவருக்கு 83, எனக்கு 81. ஐந்தாம் இடம். இரண்டு புள்ளியில் தில்லி தூரமாயிற்று. கண் கலங்கவில்லை என்று சொன்னால் பொய். ஹவில்தார் என் துண்டுத்தாளையும் இலக்குத் தாளையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பத்தில் எட்டு பொருந்தியது. "மார்க்கு அடுத்த வருஷம் வரும்மா. சொன்ன இடத்துல குண்டு இருக்கு பாரு, அது இந்த வருஷமே வந்துடுச்சு" என்றார்.

பிறகு நூலகத்தில் ஒரு ஹங்கேரி வீரரைப் பற்றிப் படித்தேன். கரோலி தகாச் என்று பெயர். 1938இல் கையெறிகுண்டு வெடித்து, சுடும் வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையால் பழகி, 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவ்வளவு தொலைவு போவானேன்? இடக்கையாலும் அம்பு தொடுக்க வல்லவன் என்பதால் அருச்சுனனுக்குச் சவ்யசாசி என்று ஒரு பெயர் உண்டென நம் தமிழ்த்துறைப் பேராசிரியை சொன்னார். அம்பை இடக்கைக்கு மாற்றியவனைப் புகழ்ந்து பெயர் சூட்டிய நாட்டில்தான், சோற்றை இடக்கைக்கு மாற்றிய சிறுமிக்குச் சூடும் வைத்திருக்கிறோம்!

இந்த விளையாட்டு எந்த உயிரையும் குறிவைப்பதில்லை. எதிரே இருப்பது ஒரு தாள். எந்தச் சாதி, எந்தக் கை, எந்தத் தெரு என்று அது கேட்பதில்லை. விசையை அழுத்திய நொடியில் நீ எப்படி இருந்தாய் என்பதை மட்டும் துளையிட்டுக் காட்டிவிடுகிறது. வரும் ஆண்டு மீண்டும் போகிறேன். அதே இடத்தோள், அதே வலப்பக்கப் போல்ட்.

தோழியரே, நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறோம். முதல் வகுப்பில் ஒரு குழந்தை பென்சிலை இடக்கையில் எடுக்கும். எடுக்கட்டும், விட்டுவிடுங்கள்.